லூர்த்தம்மாவின் நங்கூரம்

என் தாயார் லூர்த்தம்மாவுக்குக் குதிரையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தவற்றைக் கேட்டு, யாராவது அவரைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில், ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா பிடித்துவரும் மீனைப் பனையோலைக் கடகத்தில் வைத்துத் தலையில் சுமந்து, சின்னக்கடைச் சந்தையில் விற்றவர் அவர். குரல் பெரிது, பொறுமை சிறிது. இரண்டும் எனக்கும் வந்திருக்கின்றன என்று என் மாணவிகள் சொல்வார்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு எனக்கு ஆறு வயது. இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் சப்பாத்தோடு சேர்ந்த காலிரும்பு ஒன்று செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், கோயில்வரை போகலாம். அதற்கு மேல் போனால் முழங்காலில் தோல் உரிந்துவிடும். அந்த இரும்பை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக, வெயிலோ மழையோ, கணுக்கால் மறைய நீளப்பாவாடைதான் கட்டுவேன்.

பங்குப் பள்ளிக்கூடத்துக்கு அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். தலையில் மீன் கடகம், இடுப்பில் நான். பதினொரு வயதுவரை இப்படி. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அதற்கு மேல் படிக்க ஒன்றரை மைல் தள்ளியிருந்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். பஸ்ஸின் படி எனக்கு ஏறாது. அம்மாவின் இடுப்புக்கும் நான் அடங்கமாட்டேன். எட்டு மாதம் வீட்டிலிருந்து கிழிந்த வலை பொத்தினேன். கண்ணில் படுகிற கடுதாசித் துண்டையெல்லாம், மீன் சுற்றி வந்த பழைய பேப்பரையும் விடாமல், எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு ஐயா, காட்டுக் குதிரைகள் திரியும் நெடுந்தீவுக்குப் போயிருந்தார். அங்கே தாய் செத்துப்போன குட்டியொன்று கிணற்றடியில் நின்றது. அவருடைய சிநேகிதர் செபமாலை, அரசாங்கக் காரியாதிகாரி கந்தோரில் அனுமதிக் கடுதாசி எழுதி வாங்கி, அதை எங்கள் வள்ளத்தில் ஏற்றிவிட்டார். வள்ளத்தின் முன்பக்கத்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு, கரைவரை அசையாமல் நின்றபடி வந்ததாம். அதனால் கப்பல் தலைவனைப் போலக் கப்பித்தான் என்று பெயர் வைத்தார்கள். என்ன பிரயோசனத்துக்கு அதைக் கொண்டுவந்தார் என்று ஐயாவுக்கே தெரியாது. கப்பித்தான் வளர்ந்து, மீன் காயப்போட்ட பாயை மிதித்து, அயலட்டைக் கீரைப்பாத்தியைத் தின்று, எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் அம்மா வலைக்குள் இருந்த என்னையும் வேலிக்குள் தலையை விட்டிருந்த கப்பித்தானையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த நாளே மடத்துக்குப் போய், பள்ளிக்கூடத் தலைவியான மதருக்கு முன்னால் நின்றார். நானும் போயிருந்தேன், ஐயா இரவல் வாங்கிய சைக்கிளில்.

"பிள்ளை குதிரையிலை வரும் மதர். இடம் மட்டும் தாங்கோ."

மதர் சிரிக்கவில்லை. "லூர்த்தம்மா, முந்நூறு பிள்ளைகள் ஓடித் திரியிற முற்றம். ஒருத்தியை உதைஞ்சுதெண்டால் நான் என்ன பதில் சொல்லுறது?"

"உவன் உதைக்கமாட்டான் மதர். என்னை விடச் சாது."

"அது பெரிய உத்தரவாதமில்லையே" என்றார் மதர்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஆவணியில் முற்றவெளி மைதானத்தில் விவசாயக் கண்காட்சி. மாடு, ஆடு, கோழியோடு அந்த வருடம் பிள்ளைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஒரு போட்டியும் வைத்திருந்தார்கள். குதிரையை வட்டமாக நடத்திக் காட்டவேண்டும், ஓடவிட்டுக் காட்டவேண்டும், கடைசியில் மணியடித்ததும் ஒரு நிமிடம் அசையாமல் நிறுத்திக் காட்டவேண்டும். "நான் அங்கை எங்கடை மடத்துத் தையல் கடையிலை நிப்பன். அத்தனை சனத்துக்குள்ளை உங்கடை குதிரை ஒரு நிமிசம் ஆடாமல் அசையாமல் நிண்டால், பிள்ளை குதிரையோடை வரட்டும். இல்லாட்டில் என்னைக் கேக்கக்கூடாது."

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது வள்ளம். ஆகவே கப்பித்தானையும் வள்ளமாகவே நடத்தினார். வள்ளத்தின் பழைய பாய்ச்சீலையை நாலாக மடித்துத் தைத்துச் சேணமாக்கினார். என் இடது காலில் இரும்பு கனத்ததால் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். வள்ளம் சாய்ந்தால் மறுபக்கம் பாரம் வைப்பதுதானே வழக்கம்? சேணத்தின் வலப்பக்கம் ஒரு மண் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். நான் நேராக நிமிர்ந்தேன். அந்த உயரத்திலிருந்து எங்கள் கரையை நான் அதுவரை பார்த்ததில்லை. கூரைகளும், காயும் வலைகளும், அதற்கப்பால் கடலும் தெரிந்தன.

நிறுத்துவதுதான் பெரும்பாடு. மரத்தில் கட்டினால் கப்பித்தான் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கயிற்றால் கழுத்தை இறுக்கிக்கொள்வான். அதனால் குட்டியாக இருந்தபோதே ஐயா அவனை வெறும் மணலில், வள்ளத்து நங்கூரத்தில்தான் கட்டிப் பழக்கியிருந்தார். நங்கூரம் தொம்மென்று விழுந்து இரும்பு கிணுங்கினால் போதும், அன்றைய ஓட்டம் முடிந்தது என்று அவனுக்கு விளங்கும், தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிடுவான். கல்லைப் போட்டுப் பார்த்தோம், அதற்கு மசியவில்லை. அம்மா நங்கூரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். நான் "நில்லடா" என்பேன். அம்மா தொம்மென்று போடுவார். கப்பித்தான் நிற்பான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"பாத்தியே, என்ன பணிவு!" என்பார் அம்மா.

"அது உங்கடை நங்கூரத்துக்குப் பணியுது அம்மா, எனக்கில்லை."

"ஆருக்குப் பணிஞ்சால் என்ன, நிக்குதோ இல்லையோ?"

கண்காட்சியன்று விடிய எழும்பி, சவுக்காரம் போட்டுக் கப்பித்தானைக் குளிப்பாட்டினோம். அவனுடைய மண்நிறத் தோல் காய்ந்ததும் மங்கலாக இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் கரையில் ஒன்றை மினுமினுக்கச் செய்ய ஒரே வழிதான் உண்டு. நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயைத் தலை முதல் வால் வரை தேய்த்து முடித்திருந்தார். கப்பித்தான் புது வள்ளம் போல மின்னினான். ஐயா மூக்கைச் சுளித்தார்.

"லூர்த்து, மணக்குதல்லோ?"

"என்ன மணம்? எனக்கொண்டும் மணக்கேல்லை" என்றார் அம்மா. உண்மைதான். அவருக்கு மணக்காது. எனக்கும் மணக்கவில்லை. அந்த எண்ணெய்க்குள்தானே பிறந்து வளர்ந்தோம்.

முற்றவெளியில் மணந்தது. கயிறு கட்டிய வட்டத்துக்குள் எங்களோடு நாலு பிள்ளைகள். பிரக்கிராசி வேலை பார்த்த ஒரு வக்கீலின் மகளுடைய வெள்ளைக் குதிரை எங்களைக் கண்டதும் பின்வாங்கி, பின்வாங்கி, கயிற்றோடு போய் ஒட்டிக்கொண்டது. நடுவர் தியாகராசா மிருக வைத்தியர். மாட்டுக்கொட்டில்களில் காலம் தள்ளிய அந்த மனிதரே சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். அதைவிடக் கொடுமை, ஈ என்று ஒன்று மிச்சமில்லாமல் கண்காட்சியிலிருந்த இலையான்கள் அத்தனையும் மாட்டை விட்டுவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தன.

அடுத்த இடி வாசலில் விழுந்தது. அம்மா நங்கூரத்தோடு உள்ளே வரப் பார்த்தார். தொண்டர் ஒருவர் மறித்தார்.

"பிள்ளையும் குதிரையும் மட்டும்தான் அம்மா. உந்த இரும்பை வெளியிலை வையுங்கோ."

"உது இல்லாமல் அவன் நிக்கமாட்டான் தம்பி!"

"அப்ப பிறகென்ன போட்டி?"

அதில் நியாயம் இருந்தது. அம்மா நங்கூரத்தைத் தொண்டரிடம் விட்டுவிட்டுக் கயிற்றோரம் வந்து நின்றார்.

நடந்தோம். ஓடினோம். இரண்டும் மோசமில்லை. மணியடித்தது. "நில்லடா" என்றேன். கப்பித்தான் நின்றான், மூச்சு ஒன்று விடும் நேரம். இலையான் வயிற்றில் மொய்க்க, காலை உதறினான். வாலைச் சுழற்றினான். வட்டத்தில் ஓரடி முன்னே, ஓரடி பக்கத்தில் என்று ஆடத் தொடங்கினான். வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். "முதலிலையிருந்து எண்ணுறன் பிள்ளை, நிப்பாட்டு" என்றார், இரக்கத்தோடு. கயிற்றுக்கு அப்பால் மதர் கைகட்டி நிற்பதைக் கண்டேன். எனக்கு அழுகை வந்தது. இனி வலைதான், சாகும்வரை வலைதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல். சின்னக்கடை முழுவதும் கேட்கும் குரல், முற்றவெளி முழுவதும் கேட்டது.

"எடி மக்டலீன்! சப்பாத்தைக் கழட்டிப் போடடி! உன்ரை கால் இரும்பைக் கழட்டி அணியத்திலை போடு!"

அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம். கப்பித்தானின் மூக்குக்கு முன்னால் என்று அர்த்தம்.

சனம் முழுவதும் என் காலைப் பார்த்தது. அம்மாவை அந்தக் கணம் கடலில் தள்ளியிருப்பேன். ஆறு வருடம் நான் பாவாடைக்குள் ஒளித்துவைத்ததை ஒரு நொடியில் யாழ்ப்பாணத்துக்கே விளம்பரம் செய்துவிட்டார். ஆனால் கை என் சொல்லைக் கேட்கவில்லை, அவர் சொல்லைத்தான் கேட்டது. பாவாடையை முழங்காலுக்கு மேல் இழுத்தேன். வாரை அவிழ்த்தேன். இரண்டு கம்பியும் சப்பாத்துமாக அதைத் தூக்கிக் கப்பித்தானுக்கு முன்னால் எறிந்தேன்.

தொம். கிணுங்.

காது இரண்டும் நிமிர்ந்தன. தலை தொங்கியது. கப்பித்தான் நின்றான். இலையான் கண்ணில் இருந்தது, மூக்கில் இருந்தது, அவன் அசையவில்லை. நான்தான் விழப்பார்த்தேன். இடப்பக்கத்து இரும்பு போனதும் வலப்பக்கத்து மண் மூட்டை என்னை இழுத்தது. இரண்டு கையாலும் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு, வெறுங்கால் எல்லாருக்கும் தெரிய, சாய்ந்தபடி அறுபது வரை எண்ணினேன்.

பரிசு கிடைக்கவில்லை. "நல்ல குதிரை. ஆனால் ஒருக்காக் குளிப்பாட்ட வேணும்" என்றார் வைத்தியர். "விடியவெள்ளண்ண குளிப்பாட்டினனான் ஐயா!" என்று அம்மா சண்டைக்குப் போனார். அதற்குள் மதர் கயிற்றைக் குனிந்து கடந்து வந்தார். என் சப்பாத்தை எடுத்தார். மண்ணைத் தட்டினார். அத்தனை பேர் பார்க்க, அந்த மணத்துக்குள் நின்று, தன் கையாலேயே என் காலில் பூட்டிவிட்டார்.

"திங்கட்கிழமை வா. கப்பித்தானும் வரட்டும்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நங்கூரமும் வரவேணும். எண்ணெய் வேண்டாம்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மாவைப் பின்னால் விட்டுவிட்டுக் கப்பித்தானை வேகமாக நடத்தினேன். வீட்டுப் படலையடியில் அடக்கமுடியாமல் கத்தினேன். "எல்லாருக்கும் முன்னாலை ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அம்மாவுக்கு என் கோபம் விளங்கவேயில்லை. "எனக்கு ஒரு நங்கூரம் வேணுமாயிருந்தது. உன்ரை காலிலை ஒண்டு கிடந்தது. வேறை என்ன செய்யிறது?" என்றார்.

அவருக்கு அது வெறும் இரும்புதான். அதில் வெட்கப்பட ஏதாவது இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நானும் மற்றப் பிள்ளைகள் போலக் குட்டைப்பாவாடை கட்டினேன்.

ஆறு வருடம் கப்பித்தானில் போனேன். ஐயாவுக்கு இருந்தது அந்த ஒரு நங்கூரம்தான். காலையில் வள்ளம் கரை சேர்ந்ததும் அம்மா அதை ஈரத்தோடு எடுப்பார். தலையில் மீன், இடுப்பில் முன்னர் நான் இருந்த இடத்தில் நங்கூரம். எங்களுக்கு முன்னால் நடந்து, மடத்து வேப்பமரத்தில் கயிறு சுற்றாதபடி எட்டப் போட்டுக் கப்பித்தானைக் கட்டிவிட்டுச் சந்தைக்குப் போவார். பின்னேரம் வந்து, ஐயா கடலுக்குப் போகுமுன் திருப்பிக் கொண்டுபோவார். "குதிரையிலை தொங்கவிடுங்கோவன் அம்மா" என்று கேட்டிருக்கிறேன். "அவன் பாவம், சின்னவன். நீயும் மண் மூட்டையுமே அவனுக்குக் காணும்" என்பார்.

நான் ஆசிரியை ஆனேன். அதே மடத்தில்தான் படிப்பிக்கிறேன். கப்பித்தான் எழுபத்தாறில் போனான். அம்மா எழுபத்தொன்பது பங்குனியில் போனார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, வீட்டுக் கோடிக்குள் கிடந்த நங்கூரத்தைத் துருத் தட்டி வைப்போம் என்று போனேன். யோசித்துப் பார்த்தால், அத்தனை வருடத்தில் நான் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தூக்கப் பார்த்தேன், வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். அவன் அதை அம்மாவின் மீன் தராசில் வைத்தான்.

முப்பத்தாறு இறாத்தல், பதினாறு கிலோவுக்கு மேல். அதுவரை நான் எல்லாரிடமும் சொல்லிவந்தது, என்னைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்துபோனது ஒரு மட்டக்குதிரை என்றுதான்.