செல்வியக்காவின் முறை

நான் பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்ணரையில் எங்கள் வீட்டில் நாலு பேர் கூடி விளையாடுவோம். நான் கதை சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டுவார்கள்; நினைத்தது பலிக்குமா என்பதை விழும் எண் சொல்லும்.

என் தையல் லைனில் டீ-சர்ட்டுக்குக் கை வைத்துத் தைக்கும் செல்வியக்கா, மந்திரமே தெரியாத வாள்வீராங்கனை. செக்கிங் பிரகாஷ் மந்திரவாதி. அவன் முறை வந்தால் நெருப்பு, மின்னல் என்று பத்து நிமிடம் ஓடும். அக்கா முறைக்கு, “வெட்டறீங்களா? உருட்டுங்க” என்பேன். அதோடு சரி.

மூன்றாவது வாரம், கதையில் ஆற்றுப் பாலத்தில் ஒரு பூதம் நொண்டிக்கொண்டு எதிரே வந்தபோது, அக்கா பகடையைக் கீழே வைத்தார்.

“அடுத்த வாரம் நான் வரலீங்க. ஆறு நாளும் கை மட்டும் வெச்சுத் தெக்கறேன். இங்கயும் வெட்டு மட்டுந்தானுங்களா?”

சுருக்கென்றது. விளையாட்டிலும் அவரை நான் லைனில்தான் உட்கார வைத்திருந்தேன்.

“சரிங்க்கா, இந்தப் பூதத்த என்ன பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க.”

“நொண்டிட்டு வருதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? நொண்டிக் கால ஊணறப்பக் கேடயத்தால முட்டித் தள்ளுனா, பாலத்துல இருந்து ஆத்துல உழுந்துருமுங்க.”

நொண்டலை நான் சும்மா அழகுக்குச் சேர்த்திருந்தேன். விதிகளில் இப்படித் தள்ளுவதற்கு இடமில்லை; ஆனாலும் உருட்டச் சொன்னேன். நல்ல எண் வந்தது; பூதம் ஆற்றில் விழுந்தது. மந்திரவாதி எழுந்து நின்று கைதட்டினான்.

இப்போதெல்லாம் அக்கா முறை வந்தால், “என்னக்கா பாத்தீங்க?” என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் லைனில் பீஸ் ஏன் திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆகிறது என்று புரியாமல் நின்றபோதும் அக்காவிடம் அதையே கேட்டேன். ஏழு வருடத்தில் முதல் தடவை. அவர் மிஷினை நிறுத்தினார். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.