இரு கைகளாலும் வாங்கிய கொம்பு

யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, ஒஸ்லோவில் இருபத்தைந்து ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். ஆலய நிர்வாகத்தில் இருமுறை தலைவராக இருந்தேன். மதுவைத் தொடாதவன் என்பதை எல்லோரும் அறிவர்.

சென்ற ஆண்டு ஒஸ்லோத் தமிழர் பன்னிருவர் சீனாவுக்குச் சுற்றுலா சென்றோம். தென்மேற்கு மலைகளில், மியாவ் இன மக்களின் கிராம வாசலில், வெள்ளிக் கிரீடம் அணிந்த ஒரு பெண்மணி அரிசி மது நிறைந்த எருமைக் கொம்பை நீட்டினார். கையால் தொடாமல் ஒரு மிடறு பருகினால் போதும். தொட்டவர் முழுவதையும் குடிக்க வேண்டும். வழிகாட்டி அதை விளக்கியபோது நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். விருந்தளிப்பவர் தருவதை வாங்காமல் நிற்பது மரியாதையா? இரு கைகளாலும் வாங்கினேன், வணங்கித் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்துடன்.

"ஐயோ மாஸ்டர், தொட்டிட்டியள்! இனி முழுக்கக் குடிக்கவேணும்," என்று எங்களுடன் வந்திருந்த, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியைச் சேர்ந்த சிவநேசன் கைதட்டினார். "கோயில் தலைவர் குடிக்கப்போறார், வீடியோ எடுங்கோ!"

மறுத்தால் அவர்களுக்கு அவமதிப்பு. குடித்தால் என் வாழ்நாள் விரதம் போய்விடும். வழிகாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் மொழிபெயர்த்ததைக் கேட்ட அப்பெண்மணி சிரிக்கவில்லை. கொம்பை என்னிடமிருந்து வாங்கி, கடைசித் துளிவரை தானே குடித்தார். "உங்கள் பங்கு முடிந்தது, உள்ளே வாருங்கள்" என்றாராம். பின்னர் கைகோத்து ஆடும் வட்டத்திற்கு அழைத்தார்; மறுக்க மனம் வரவில்லை.

தம் வழக்கத்தையும் விடாமல் என் விரதத்தையும் காத்தவர் அவர். அவருடன் கைகோத்ததை இன்றும் பெருமையாகவே கருதுகிறேன்.

மாஸ்டர் குடித்துவிட்டு ஆடினார் என்று ஒஸ்லோவில், ட்வெய்ட்டாப் பகுதித் தமிழர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் குடிக்காமல்தான் ஆடினேன்.