அஞ்சு கியரும் பின்னால்தான்

போர்ட் பிளேயரில் ஜம்புலிங்கத்துக்குப் பெண் கொடுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. ஆள் தங்கமான மனுஷர், சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஆனால் எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் கிடப்பார். பெண் வீட்டார் வந்தால் இரண்டு காலை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். காலைப் பார்த்து யாராவது பெண் கொடுப்பார்களா? முப்பத்தெட்டு வயதுவரை இப்படியே ஓடிவிட்டது.

அப்புறம்தான் ஜெயமணி வந்தாள். புரோத்ராபூர் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் போன பஸ் ஒருநாள் மழையில் நின்றுவிட, ஜம்புலிங்கம் அடியில் புகுந்தார். மற்றவர்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் குனிந்து, "முதுகெல்லாம் நனையுதுங்க, இந்தச் சாக்கைப் போட்டுக்குங்க" என்றாள். மனுஷர் அந்தச் சாக்கிலேயே விழுந்துவிட்டார்.

அவளுடைய அப்பா திருநாவுக்கரசு ரோடு காண்ட்ராக்டர். மரைன் ஹில்லில் வீடு. மூத்த மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கிடைக்காமல், ஜிகினாத் தாள் ஒட்டிய ரோடு ரோலரில் மாப்பிள்ளையை ஏற்றியவர். ரோலர் முக்கி முனகி மேடேறி வருவதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. அந்த மாப்பிள்ளை திக்லிபூருக்கு மாற்றலாகிப் போனவர், மாமனார் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பழியெல்லாம் ராகுகாலத்தின் தலையில்.

"இந்தத் தடவை கார்லதான் வரணும் மாப்பிள்ளே. ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள என் வாசல்ல இறங்கிடணும். பிந்துச்சுன்னா வந்தவங்களுக்குச் சோத்தைப் போட்டு அனுப்பிடுவேன். பொண்ணு கிடையாது" என்று, பெண் கேட்டுப் போன ஜம்புலிங்கத்திடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

காருக்கு எங்கே போவது? தீவில் இருந்ததெல்லாம் ஜீப்பும் மரம் ஏற்றும் லாரியும்தான். கடைசியில் அபர்தீன் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த சேக் தாவூத் வீட்டுக் கொல்லையில் ஒன்று கிடைத்தது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டே சீட்டு. அதில் ஒன்றில் தாவூத் பாயின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார் ஜம்புலிங்கம். கியர்பாக்ஸ்தான் பல்லெல்லாம் கொட்டிக் கிடந்தது. மெயின்லேண்டிலிருந்து வேறு வரவழைத்தால் கப்பல் வருவதற்குள் தலை நரைத்துவிடும். மலைச்சரிவில் கவிழ்ந்து கிடந்த ஒரு லாரியின் கியர்பாக்ஸைக் கழற்றி வந்தார். அதில் முன்னால் போக ஐந்து கியர்.

"ரோலருக்கு ரெண்டுதான். இதுக்கு அஞ்சா? சபாஷ்!" என்று திருநாவுக்கரசு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

லாரிச் சாமான் காருக்குள் லேசில் அடங்குமா? தரையை வெட்டி, தூக்கி வைத்துப் பூட்டியதில் கியர்பாக்ஸ் உயரத்தில் நின்றது. பின் சக்கரங்களைச் சுழற்றும் பின்னச்சு தாழ்ந்து கிடந்தது. இரண்டையும் இணைக்கிற தண்டு எட்டவில்லை. ஜம்புலிங்கம் யோசித்தார். பின்னச்சை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துப் பூட்டினார். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

கடைசி போல்ட்டை முடுக்கியபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. குளித்து, பட்டு வேட்டி கட்டி, மாலையைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். மேளக்காரர்கள் முன்னால் நின்றார்கள். முதல் கியரைப் போட்டார்.

வண்டி சர்ரென்று பின்னால் போய் பாயின் வெங்காய மூட்டையில் மோதியது.

"யா அல்லாஹ்! என்ன ஜம்பு, ரிவர்ஸைப் போட்டுட்டியா?"

"ஃபர்ஸ்ட்தான் பாய் போட்டேன்."

இரண்டைப் போட்டார், பின்னால் போயிற்று. மூன்றைப் போட்டார், இன்னும் வேகமாகப் பின்னால் போயிற்று. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. அச்சைக் கவிழ்த்தால் சக்கரமும் எதிர்ப்பக்கம்தானே சுற்றும்! ஐந்து கியரும் பின்னால். ரிவர்ஸைப் போட்டால் மட்டும் முன்னால் நகர்ந்தது, அச்சு அசல் ரோடு ரோலர் வேகத்தில். கழற்றி மாட்ட நேரமில்லை. ஜெயமணி கைநழுவிப் போகிறாள், அதுவும் தன் கையாலேயே! ஜம்புலிங்கத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுவுறியே! பின்னால ஓட்டிட்டுப் போய்யா. வாசல்ல இறங்கணும்னுதானே சொன்னாரு? மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு சொன்னாரா?" என்றார் பாய்.

வேறு யாருக்கும் அந்த வண்டியை ஓட்டத் தெரியாது. பாய்க்குச் சைக்கிளே வராது. மாப்பிள்ளையே ஓட்டினார். இடது தோளுக்கு மேல் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பாயைப் பானெட்டில் உட்கார வைத்து, மரைன் ஹில் மேட்டில் பின்பக்கமாக ஏறினார். இரண்டு, மூன்று, நான்கு! வழியில் முந்திப் போய்க்கொண்டிருந்த மேளக்காரர்கள் தலைதெறிக்க ஓடி ஓரம் கட்டினார்கள். வங்காளிக் காய்கறிக்காரர் ஒருவர், "அரே, உல்டா ஜா ரஹா ஹை!" என்று வண்டி பின்பக்கமாகப் போவதைக் காட்டிக் கத்தினார். கோழி மட்டும் பக்கத்துச் சீட்டைவிட்டு அசையவில்லை. நேரான ஒரு துண்டு ரோட்டில் ஐந்தாவது கியரும் விழுந்தது. கடைசி நேரம் வந்துவிட்டதென்று பாய் கலிமா சொன்னார்.

மாமனார் வாசலில் வண்டி நின்றபோது மணி நாலுகூட ஆகவில்லை. திருநாவுக்கரசு பனியனோடு சவரம் செய்துகொண்டிருந்தார். ஆரத்தி கரைக்கவில்லை, கோலம் காயவில்லை. பாதி சோப்பு முகத்தோடு ஓடிவந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். "எப்படி வந்தா என்ன, நேரத்துக்கு வந்தாரே என் மாப்பிள்ளே!" என்று கட்டிக்கொண்டார்.

எல்லாம் சுபம்தான், ஒன்றைத் தவிர. ஜம்புலிங்கத்தின் கழுத்து திரும்பவில்லை. இடது தோளைப் பார்த்தபடி அப்படியே பிடித்துக்கொண்டது. நல்லெண்ணெயும் வெந்நீர் ஒத்தடமும் பிரயோஜனப்படவில்லை.

மறுநாள் மணவறையில் வழக்கப்படி பெண்ணை அவருடைய வலது பக்கம் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையோ இடது பக்கம் நின்ற குத்துவிளக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது. மனுஷருக்கு உயிரே போய்விட்டது. எத்தனை வருஷம் காத்திருந்து, அவள் முகத்தைப் பார்க்காமலா தாலி கட்டுவது? வலிக்க வலிக்கத் திருப்பிப் பார்த்தார். முடியவில்லை.

ஜெயமணி சட்டென்று எழுந்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையைச் சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"தாலி கட்டுன பிறகுதாம்மா இடது பக்கம்! முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று பதறினார் திருநாவுக்கரசு.

"இருக்கட்டும்பா. அவர் பின்னால பார்த்துக்கிட்டே மலை ஏறி வந்தாரு. நான் இந்தப் பக்கம் வந்து உட்கார மாட்டேனா?" என்றாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இப்பத் தெரியுதாங்க?" என்று கேட்டாள்.

"தெரியுது" என்றார் ஜம்புலிங்கம். தாலியைக் கட்டினார்.