கொழும்பு என்று சொன்னேன்

புல்வெளியில் ஒரு பந்தை உருட்டிவிட்டு, அதன் பின்னாலேயே குனிந்து நடக்கும் கனவான்களைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம். அப்போது ஹட்டனில் ஒரு வங்கியில் உதவி முகாமையாளராக இருந்தேன். தேயிலைத் தோட்டத் துரைமாரின் பழைய கிளப்பில் ஞாயிறு காலைகளில் வெளியாட்களுக்கும் லோன் போல்ஸ் என்ற அந்தப் பந்துருட்டும் விளையாட்டைப் பழக்குகிறார்கள் என்றார்கள். நாலு பெரிய மனிதர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

தேநீர் குடித்து முடித்தபோது பக்கத்தில் சேலை கட்டிய ஒரு பெண் நின்றார். விரல்களில் தேயிலைக் கொழுந்து பறித்த கறை.

"இதக் கொண்டுபோயி உள்ள வச்சிருங்க" என்று கோப்பையை நீட்டினேன்.

வாங்கிப்போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவர், ஒரு பந்தைக் கையில் எடுத்தார். "நானும் இன்னைக்குத்தாங்க பழக வந்தேன். நம்ம ரெண்டு பேரும் ஒரே ஜோடியாம்."

எனக்கு முகம் சுட்டது. அந்தப் பந்து ஒரு பக்கம் பாரமானது, வளைந்துதான் ஓடும். நான் நேராக விட்டது ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. அவருடையது வளைந்துபோய், குறியாக வைத்திருந்த சின்ன வெள்ளைப் பந்தின் அருகில் நின்றது.

"சார் எந்தத் தோட்டங்க?" என்று கேட்டார்.

வட்டவளைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். "கொழும்பு" என்றேன்.

வாரம் முழுதும் அந்தப் பொய் என்னை அரித்தது. அடுத்த ஞாயிறு அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"பேச்சுலயே தெரிஞ்சிச்சுங்க" என்றார், சிரிக்காமல். "ஒங்க முறைதான், போடுங்க."

இன்றும் போகிறேன். துரைமார்மேல் இருந்த இளக்காரம் குறையவில்லை. ஆனால் என்மேல் வந்தது அதைவிடப் பெரிது.