இரண்டு விரல் தண்ணீர்

மடிச் சுருக்கிலிருந்து ஒரு சிட்டிகை பதரை எடுத்துத் தண்ணீரில் தூவிவிட்டு, உசனார் விதானை குந்திக்கொண்டு காத்திருக்கிறார். பதர் அளவுக்கல்லைச் சுற்றி மெல்ல அலைகிறது. அது ஓயும்வரை அவர் வாய் திறக்கமாட்டார், வெற்றிலைகூடப் போடமாட்டார். பதர் அசையாமல் நின்றதும், கன்னம் தண்ணீரைத் தொடும்படி குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார். ஒரே ஒரு தரம். பிறகு நிமிர்ந்து, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு குளக்கட்டில் ஏறிவிடுவார்.

"இன்னொருக்காப் பாருங்களன்" என்று யாராவது சொல்லிவிட்டால் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிடும். "ஒருக்காப் பாக்கிறது அளவுக்கு. மறுகாலும் பாக்கிறது ஆசைக்கு" என்பார். முப்பது வருசமாகத் தண்ணீரோடு புழங்குகிற மனிதர் சொல்லும்போது எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்?

வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கும் அப்பால் கிடக்கிறது மருதடிக்குளம். அதை நம்பி முந்நூற்று நாற்பது ஏக்கர் வயல்வட்டை. பாதிப் பூமி ஏறாவூர் முஸ்லிம்களுக்கு, பாதி வவுணதீவுத் தமிழர்களுக்கு. வேறு எந்த விசயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பகுதியாரும் ஒன்றாகக் கையுயர்த்தித்தான் உசனாரை வட்டை விதானையாக்கினார்கள். புளியந்தீவு அரசாங்கக் கச்சேரியும் மறுபேச்சில்லாமல் கடிதம் கொடுத்தது. அன்று முதல் குளத்துத் துருசு மதகைத் திறப்பதும் மூடுவதும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வதும், சொன்னதைக் கேளாதவனை மூன்று வரம்புக்குக் கேட்கும்படி ஏசுவதும் அவர் வேலை.

ஆள் ஒல்லி. தலையில் தொப்பி, கையில் ஒரு கறுப்புக் குடை. அந்தக் குடை விரிந்ததை வெயிலும் கண்டதில்லை, மழையும் கண்டதில்லை. மண்ணில் ஊன்றவும், வாய்க்காலைச் சுட்டிக்காட்டவும், திருட்டுத்தனமாக வரம்பை வெட்டியவனை விரட்டவும் மட்டுமே அது பயன்படும். குளத்தில் அவர் குளிப்பதில்லை. "அளக்கிற தண்ணியில குளிக்கப்படாது" என்று கிணற்றடிக்குத்தான் போவார். யார் வீட்டில் செம்பில் தண்ணீர் கொடுத்தாலும், குடிக்குமுன் உள்ளே எட்டி, எத்தனை விரல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அவர் மனைவி ஜெமீலா இதைச் சொல்லிச் சொல்லியே ஊர்ப் பெண்களைச் சிரிக்க வைப்பாள்.

விடிந்தும் விடியாததுமாக, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, ஏன் இந்த ஓட்டம்? எல்லாம் கச்சானால் வருகிறது. ஆனி, ஆடியில் அந்தக் காற்று முற்பகலிலேயே மேற்கிலிருந்து கிளம்பி, குளத்துத் தண்ணீரையெல்லாம் கிழக்கே கட்டுப் பக்கமாகத் தள்ளும். அளவுக்கல் நிற்பதும் கட்டோரத்தில்தான். நடுப்பகலில் பார்க்கிறவனுக்கு இல்லாத தண்ணீர் இருப்பதாகத் தெரியும். உசனாருக்கு முந்தி இருந்த விதானை ஒரு கோடைச் சிறுபோகத்தில் மதியச் சோற்றுக்குப் பிறகு போய்ப் பார்த்து, எல்லாருக்கும் தாராளமாகத் திறந்துவிட்டார். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குளம் கையை விரித்தது. முழு வட்டையும் பதராகப் போயிற்று. உழவு மாட்டை விற்றுச் சாப்பிட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இந்தச் சிறுபோகமும் அப்படித்தான் வந்து நின்றது. மாரி ஏமாற்றிவிட்டது, கோடையில் ஒரு துளி இல்லை. பயிருக்கு இன்னும் மூன்று தண்ணீர் கட்டவேண்டும். மூன்று தண்ணீருக்குப் பதினைந்து விரல். அதற்குள் வெயிலும் காற்றும் குடித்துவிடுவது ஆறு விரல். ஆக, துருசு வாசலுக்கு மேலே இருபத்தொரு விரல் நின்றால் எல்லாரும் பிழைக்கலாம். உசனார் விடியலில் பார்த்தபோது நின்றது பத்தொன்பது.

குறைகிற இரண்டு விரலை யார் தலையில் கட்டுவது என்பதற்கு ஒழுங்கு உண்டு. பழம் பூமிக்குத்தான் முதல் உரிமை. பிந்திக் காடு வெட்டித் திருத்திய நாற்பத்தைந்து ஏக்கர் புதுக்காட்டுக்கு மிஞ்சிய தண்ணீர் மட்டும்தான். புதுக்காட்டுக்காரர் எல்லாரும் அதற்குச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தவர்கள். அவர்களில் ஜெமீலாவும் ஒருத்தி. இந்தப் பக்கத்தில் பூமி பெண்ணோடு போகும். ஜெமீலாவின் மூன்று ஏக்கர் இளைய மகள் சித்தி நபீஸாவுக்கு. இந்த வெள்ளாமை வீடு வந்தால் கல்யாணம், வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களோ என்னவோ.

அதனால்தான் புதுக்காட்டுக்காரருக்குப் பயமே இருக்கவில்லை. விதானையார் தன் மகளின் வயலைக் காயவிடுவாரா? போதாததற்கு, யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த நீர்ப்பாசன ஓவசியர் நடுப்பகலில் சைக்கிளில் வந்து கல்லைப் பார்த்து, இருபத்தொன்று என்று கொப்பியில் எழுதிவிட்டார்.

மருத மரத்தடியில் கூட்டம் கூடியது. புதுக்காட்டில் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் யோகராசா சிரித்த முகத்தோடு எழும்பினான். "விதானையார், ஐயா இருபத்தொண்டு எண்டு எழுதிப்போட்டார். உங்கட பூமியும் எங்களோடதான் கிடக்கு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, போதும்."

உசனார் குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "பத்தொன்பதுதான் தம்பி. மிச்ச ரெண்டு விரலும் கச்சான் கொண்டந்த தண்ணி. பொழுதுபட்டா அதுவே கொண்டு போயிரும்."

ஓவசியருக்கு முகம் சிவந்தது. "காத்து வந்து கல்லை என்ன செய்யும்? நான் என்ரை கண்ணாலை பார்த்துத்தான் எழுதினனான்."

"நீங்க பாத்தது சரி ஐயா. பாத்த நேரந்தான் பிழை" என்றார் உசனார். "துருசைப் பூட்டித் திறப்ப நீங்களே கொண்டு போங்க. நாளைக்குக் கச்சானுக்கு முந்தி வாங்க. எல்லாரும் வாங்க."

வீட்டில் ஜெமீலா அன்று யாரையும் சிரிக்க வைக்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இஞ்சருங்க, உங்கட கல்லுக்கு நம்மட புள்ளட பூமிதானா கண்ணில பட்டது?"

"கல்லுக்குக் கண் இல்ல புள்ள."

"நான் பொய் சொல்லச் சொல்லல்ல. நாளைக்கு ஒரு தரம் கூடப் பாருங்க. அவ்வளவுதான் கேக்கன்."

"ஒருக்காப் பாக்கிறது அளவுக்கு. மறுகாலும் பாக்கிறது ஆசைக்கு" என்று வழக்கம்போலவே சொன்னார். சொன்ன பிறகு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். ஊரெல்லாம் மெச்சிய அந்தச் சொல்லை அன்றுதான் அவர் முதன்முதலாக வெறுத்தார். ஜெமீலா கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். உள்ளே சித்தி நபீஸா விளக்கைத் தணித்தாள்.

மறுநாள் விடியலில் குளக்கட்டு நிறைய ஆட்கள். காற்று இன்னும் எழும்பவில்லை. குளம் விரித்த பாயாகக் கிடந்தது. உசனார் பதரைத் தூவினார், காத்திருந்தார், குனிந்தார், பார்த்தார், எழுந்தார். விலகி நின்று ஓவசியருக்கு இடம்விட்டார்.

ஓவசியர் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கிக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். தன் கையாலேயே பூட்டிய துருசு, தன் பையிலேயே கிடந்த திறப்புச் சாவி. யாரைக் குற்றம் சொல்வது? மூன்றாம் தரமும் பார்த்துவிட்டு, கொப்பியை எடுத்து முந்திய நாள் எழுதியதை வெட்டினார். "பத்தொன்பது" என்றார். மனிதர் நேர்மையானவர்தான், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

உசனார் குளக்கட்டில் ஏறி நின்று, வட்டை முழுக்கக் கேட்கிற தன் குரலில் சொன்னார்: "பழம் பூமிக்கு மூண்டு தண்ணியும் உண்டு. புதுக்காட்டு வாய்க்கால் இண்டையோட அடைப்பு."

"உங்கட மூண்டு ஏக்கருமா, விதானையார்?" என்று கேட்டான் யோகராசா. அவன் முகத்தில் முந்திய நாள் சிரிப்பு இல்லை.

"அது மட்டும் என்ன, வானத்திலயா கிடக்கு?"

யோகராசா வாயைத் திறந்தான். ஏசத்தான் நினைத்திருப்பான். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலை அடைக்கத் தானே நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ஓவசியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது, திறப்பை உசனாரின் கையில் வைத்து, அந்தக் கையை ஒரு கணம் பிடித்துவிட்டுப் போனார்.

குளக்கட்டில் அவர் மட்டும் மிஞ்சினார். வெயில் மருத மரத்தின் உச்சியைத் தொட்டிருந்தது. கச்சானுக்கு இன்னும் நேரம் இருந்தது. புதுக்காட்டுப் பக்கம் பார்த்தார். மூன்று ஏக்கரும் பச்சையாகத்தான் நின்றது, அதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. குடையைக் கட்டோரம் சாத்தினார். முன்னும் பின்னும் பார்த்தார். யாரும் இல்லை.

மெல்லத் தண்ணீரில் இறங்கி, மடியைத் தடவி, மிச்சம் கிடந்த பதரைத் தூவினார். அது கல்லைச் சுற்றி அலைந்தது. குந்திக்கொண்டு காத்திருந்தார். பதர் ஓய்ந்ததும், கன்னம் தண்ணீரைத் தொடக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, உசனார் விதானை இரண்டாம் தரம் பார்த்தார்.