நிறுத்திட்டோம் என்று மட்டும் சொல்லாத சூப்பர்வைசர்

இன்று மதியம் அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸில், பக்கத்துச் சீட்டு அக்கா செல்போனை என்னிடம் நீட்டினார். ஒரு கம்பெனியில் ஆறு வருடமாகக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்த வேலையாம்.

"சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல அனுப்பியிருக்காரு. ரிலீவ்னு இருக்குல்ல? அடுத்த ஷிப்ட் ஆளு வந்ததும் எங்கள ரிலீவ் பண்ணுவாங்க, வூட்டுக்குப் போவோம். திங்கக்கிழமை சீக்கிரம் விட்டுருவாங்களா?"

முழுதாகப் படித்தேன். மறைக்க மனம் வரவில்லை.

"இல்லக்கா. திங்கக்கிழமையிலேருந்து வேலை இல்லன்னு போட்டிருக்கு."

அக்கா உடனே சூப்பர்வைசரையே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னைய நிறுத்திட்டீங்களா சார்?"

"நிறுத்தலைம்மா, ரிலீவ் பண்ணியிருக்கோம்."

"அப்ப செவ்வாக்கிழமை வரலாமா?"

"இல்லம்மா, ஒரு பிரேக் மாதிரி. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்."

"நான் ரெஸ்ட் கேக்கலையே சார். நிறுத்திட்டோம்னு தமிழ்ல எழுதி, கையெழுத்துப் போட்டு வைங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"காரணத்தையும் எழுதச் சொல்லியிருக்கணும்" என்று அக்கா மறுபடி நம்பரைப் போட்டார்.

உங்கள் ஆபீஸில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?