லாச்சிக்குள் கிடந்த முகம்

கணினியில் படம் செய்பவனுக்கு நெஞ்சுத் துணிவு வேண்டும் என்று வகுப்பில் எவரும் சொல்லித் தரவில்லை. ஊர்காவற்றுறையில் கடை போட்ட பிறகுதான் தெரிந்தது. இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கரம்பொனிலிருந்து ஓர் அம்மா வந்தார். 2009இல் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல்போன மகனின் பத்தொன்பது வயதுப் படத்தைத் தந்து, இப்போது எப்படி இருப்பான் என்று செய்து தரச் சொன்னார். அதை வைத்துத்தான் இனித் தேடப்போகிறாராம். நான் பிழையாகச் செய்தால் அவர் பிழையான ஆளையல்லவா தேடுவார்? பயத்தில் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு வேறு வேலைகளைப் பார்த்தேன்.

கால்

மண்டைதீவுக் கலியாணப் படம் ஒன்று. லண்டனில் இருக்கும் மாப்பிள்ளையின் தமையனால் வர முடியவில்லை. அவர் கைபேசியில் அனுப்பிய படத்தை வெட்டி, குடும்பத்தின் ஓரத்தில் ஒட்டினேன். கோட்டும் வெளிச்சமும் பொருந்தி வந்ததில் எனக்கே பெருமை. தாயார் படத்தை வாங்கிப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது. சப்பாத்துக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, நிழலும் இல்லை. கால் நிலத்தில் படாமல் நிற்பது எது என்று எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

“தம்பி, காலை நிலத்திலை வைச்சுத் தாரும். அவன் உயிரோடை இருக்கிற பிள்ளை.”

கண்

புங்குடுதீவில் ஒருவர் காலமானார். இருந்த படங்கள் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மகள் கேட்டபடி கண்ணைத் திறந்து, பெரிதாக்கிக் கொடுத்தேன். கருமணிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் பார்வை வந்துவிடும். வைத்த கையோடு நானே கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஒரு கிழமைக்குள் மகள் படத்தைச் சீலையால் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“அண்ணை, கண்ணைத் திரும்ப மூடிவிடுங்கோ. நான் குசினிக்கை சமைச்சுக்கொண்டு நிண்டாலும் பாக்கிறார்.”

முகம்

கரம்பொன் அம்மா திரும்பத் திரும்ப வந்தார். இனியும் தட்டிக்கழிக்க முடியவில்லை. தகப்பனின் படத்தைக் கேட்டு வாங்கி, அந்த நெற்றியையும் தாடையையும் மகனுக்கு ஏற்றினேன். முடியைக் குறைத்தேன். கன்னத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. சாப்பிட்டுக் கொண்டிருப்பவனாகச் செய்வதா, பட்டினி கிடப்பவனாகச் செய்வதா? கணினி அதைச் சொல்லாது. பயந்து பயந்து இரண்டுக்கும் நடுவில் விட்டேன்.

திரையைத் திருப்பிக் காட்டிவிட்டு, என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுவாரோ என அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அழவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

“இவன்தான் என்ரை பிள்ளை. ஆனா தம்பி, ரோட்டிலை கண்டிருந்தா ஆரோ ஆம்பிளை எண்டு ஒதுங்கிப் போயிருப்பன். எத்தினை தரம் அப்பிடிப் போனனோ.”

இந்தத் தொழிலில் நான் கண்ட லாபம், பஸ்ஸில் எதிரே நிற்கும் ஆண்களிடம் அந்தப் பிள்ளையின் நெற்றி இருக்கிறதா என்று பயத்தோடு உற்றுப் பார்த்து, “என்ன பாக்கிறீர்?” என்று பேச்சு வாங்குவதுதான்.